ஆப்ட் அடம்பிடித்தால் என்ன செய்வது?

பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் சென்டரின் மடிக்கணினிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாள்களில் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. எல்லாமே ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கணினிகள். விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது, அதனால் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு ஓட்டுகிறோம். பிள்ளைகளால் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. தகராறு வருவதெல்லாம் புதிதாக ஒன்றை நிறுவும்போதும் அப்டேட் செய்யும்போதும்தான். அந்த வேலையைச் செய்யும் நிரலின் பெயர்தான் ஆப்ட். அது அடம்பிடித்தால் நான் எப்படிப் பார்ப்பேன், எதைத் தொடமாட்டேன் என்பதை எழுதுகிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும் இது பொருந்தும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், போனில் சொல்கிற மாதிரி. நீங்கள் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் முக்கியமான இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன். போனில் டி என்றால் எந்த டி, பி என்றால் எந்த பி என்ற குழப்பம் எப்போதும் வரும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வாக்கி டாக்கியில் எழுத்துச் சொல்லும் முறை வீட்டிலும் பழகிவிட்டது. ஆப்ட் என்றால் ஆல்ஃபா, பாப்பா, டாங்கோ. டிபிகேஜி என்றால் டெல்டா, பாப்பா, கிலோ, கோல்ஃப்.

இந்த இரண்டு பெயர்களும் இரண்டு தனி வேலைக்காரர்கள். முதலில் வந்தது டிபிகேஜி. மென்பொருளைக் கட்டிவைத்த மூட்டைக்குப் பேக்கேஜ் என்று பெயர், அது டெப் கோப்பாக வரும். அதைக் கையில் கொடுத்தால் டிபிகேஜி பிரித்து, கோப்புகளை அதனதன் இடத்தில் வைத்து, கடைசியில் அமைத்துவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இணையத்தில் தேடவோ, இன்னொரு பேக்கேஜ் வேண்டுமென்றால் போய் எடுத்து வரவோ அதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு வந்ததுதான் ஆப்ட். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-இல்தான் அது முதலில் சேர்ந்தது. மளிகைக் கடைக்குப் பட்டியலோடு போய் வாங்கி வருபவர் ஆப்ட், வந்த சாமானை அலமாரியில் அடுக்குபவர் டிபிகேஜி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஏதாவது பிழை வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: எங்கே நின்றது? பட்டியல் இறக்கும்போதா, எதெது வேண்டும் என்று கணக்குப் போடும்போதா, அடுக்கும்போதா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் வலையில் கிடைத்த கட்டளைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால், சின்னப் பிழை பெரிதாகிவிடும். பிழைச் செய்தியைப் படிக்கும்போது கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். 'ஈ:' என்று தொடங்கும் வரிகளில் முதலாவது எது என்று பாருங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். 'டபிள்யூ:' என்று தொடங்குவது எச்சரிக்கை மட்டும்தான்.

லாக் கிடைக்கவில்லை என்றால்

டியூஷன் சென்டரிலிருந்து அதிகம் வரும் போன் இதுதான். லாக் என்பது இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ்களில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு.

"தம்பி, குட் நாட் கெட் லாக்னு வருது. அந்த ஃபைலை அழிச்சிட்டா சரியாயிடும்னு போட்டிருக்கான், அழிச்சிடவா?"

"வேணாம் டீச்சர், கைய வைக்காதீங்க. அடைப்புக்குறிக்குள்ள ஒரு பேரு இருக்கும் பாருங்க, அதப் படிங்க."

அடைப்புக்குறிக்குள் இருப்பது பெரும்பாலும் 'அன்அட்டெண்டட்-அப்கர்' என்று பாதியில் வெட்டுப்பட்ட பெயர். பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்பதுதான் அது. வழக்கமாகத் தினமும் ஓடவேண்டியது. ஆனால் கணினி வாரம் முழுக்க மூடிக் கிடந்தால், தவறவிட்ட வேலையைத் திறந்த சூட்டோடு தொடங்கிவிடும். ஞாயிறு காலை எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் லாக் பிழை வருவதற்கு இதுதான் காரணம். மருந்து: காத்திருப்பது. இப்போதைய ஆப்ட்டே காத்திருக்கிறேன் என்று திரையில் நொடிகளை எண்ணிக் காட்டும். நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் 'சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்/அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.லாக்' என்று கொடுத்து வரிகள் நகர்வதைப் பாருங்கள். பாதையில் வரும் லாக் எல்லாம் பதிவேட்டு லாக், எல்-ஓ-ஜி. பூட்டு லாக் இல்லை. முன்னால் வரும் சூடோ, கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது.

பூட்டுக் கோப்பை ஏன் அழிக்கக்கூடாது? /வார்/லிப்/டிபிகேஜி/ கோப்புறையில் இருக்கும் அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயேதான் இருக்கும். அது இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்லி அந்தக் கோப்பின்மேல் பூட்டு வாங்கி வைத்திருக்கிறது. நிரல் முடிந்தாலோ செத்தாலோ பூட்டும் போய்விடும். கோப்பை நீங்கள் அழித்தால் பழைய நிரல் தன் வேலையைத் தொடரும். உங்கள் ஆப்ட்டோ புதிய கோப்பை உண்டாக்கி அதன்மேல் பூட்டு வாங்கி, தானும் எழுதத் தொடங்கும். ஒரே பதிவேட்டில் இரண்டு கைகள். ஆர்ச் என்ற வேறொரு லினக்ஸில் ஆப்ட்டின் வேலையைச் செய்யும் பேக்மேனில் கதை வேறு. அங்கே பூட்டுக் கோப்பு இருப்பதே பூட்டு. பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று உறுதியானால் அதை அழிக்கலாம். அங்கே சரியான அறிவுரையை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

ரொம்ப நேரமாகியும் விடவில்லை, பதிவேட்டிலும் அசைவில்லை என்றால், செய்தியில் உள்ள எண்ணை எடுத்து 'பிஎஸ் -எஃப் -பி' (இரண்டு பி-யும் பாப்பா) என்று போட்டு அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். என்ன நிரல், எப்போது தொடங்கியது என்று காட்டும். பல நேரம் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு டெர்மினலில் நீங்களே ஓடவிட்ட ஆப்ட், 'ஒய்' அல்லது 'என்' கேட்டுக்கொண்டு நிற்கும்.

பாதியில் கரண்ட் போனால்

பினாங்கில் சாயங்கால இடியும் மழையும் புதிதல்ல. பேட்டரி செத்த மடிக்கணினி அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆனால், அடுத்த முறை 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று வரும். பயப்பட ஒன்றுமில்லை. என்ன செய்யவேண்டும் என்பதையும் அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது.

முதலில் 'சூடோ டிபிகேஜி --ஆடிட்' கொடுத்துப் பார்ப்பேன். எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் தொங்குகிறது என்று அது காட்டும். பிரித்து வைத்தாயிற்று, அமைக்கவில்லை என்பது ஒரு வகை. அமைக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது இன்னொரு வகை. அப்புறம் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ'. இது தொங்கிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் அமைத்து முடிக்கும். அதற்குப் பின் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. விடுபட்ட துணைப் பேக்கேஜ்களை இது இறக்கி நிரப்பும். கடைசியில் வழக்கமான அப்டேட், அப்கிரேட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடுக்குபவர் வேலையை முடிக்காதபோது வாங்குபவரை மறுபடி கடைக்கு அனுப்பிப் பயனில்லை.

நடுவில் ஒரு கேள்வி வரலாம்: ஏதோ ஓர் அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜோடு புதிதும் வந்திருக்கிறது, எது வேண்டும் என்று. வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். டி (டெல்டா) தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். திரை அசையவில்லை என்று பொறுமையிழந்து கன்ட்ரோல்-சி அடிப்பவர்களில் பாதிப்பேருக்கு முன்னால் இந்தக் கேள்விதான் நின்றுகொண்டிருக்கும்.

ஒரே பேக்கேஜ் ஒவ்வொரு முறையும் 'போஸ்ட்-இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட்' பிழையோடு விழுந்தால், அந்த வரிக்கு நாலைந்து வரி மேலே போய்ப் படியுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் அது வெளியிலிருந்து இறக்கிய பிரிண்டர் டிரைவராக இருக்கும். வேண்டாத பேக்கேஜ் என்றால் 'சூடோ ஆப்ட் ரிமூவ்' போட்டுக் கழற்றிவிட்டு மற்றவற்றைச் சரிசெய்யலாம்.

பட்டியலே இறங்கவில்லை என்றால்

'சூடோ ஆப்ட் அப்டேட்' எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை, பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கிறது. வரிகளின் தொடக்கத்தைக் கவனியுங்கள். 'ஹிட்' என்றால் மாற்றமில்லை, 'கெட்' என்றால் புதிது இறங்கியது, 'எர்' என்றால் தோல்வி. எந்த முகவரியில் 'எர்' வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஷாப்பிங் மாலின் இலவச வைஃபையில் உட்கார்ந்து அப்டேட் செய்பவர்களுக்கு ஒரு வினோதமான செய்தி வரும். கையொப்பமிட்ட கோப்பு செல்லாது, 'நோஸ்பிளிட்' கிடைத்தது, இந்த நெட்வொர்க்கில் லாகின் செய்யவேண்டுமா என்று ஆப்ட்டே கேட்கும். ஆமாம், செய்யவேண்டும்! போன் நம்பர் கேட்கும் வைஃபைப் பக்கத்தைப் பட்டியல் என்று நினைத்து அது இறக்கியிருக்கிறது. பிரௌசரைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுங்கள். அல்லது போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள்.

'நாட் வேலிட் யெட்' என்று வந்தால் உங்கள் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. பட்டியலில் உள்ள தேதி உங்கள் கணினிக்கு எதிர்காலமாகத் தெரிகிறது. பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோவது சாதாரணம். 'டைம்டேட்சிடிஎல்' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். நேரம் தப்பு என்றால் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ'. நேர மண்டலம் ஆசியா/கோலாலம்பூர் என்று இருக்கவேண்டும். விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து இருக்கும் கணினியில் சரியாக 8 மணி நேரம் வித்தியாசம் காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலக நேரமாகப் படிக்கிறது. நமக்கும் அதற்கும் 8 மணி நேரம்.

'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' அல்லது 'மிரர் சிங்க் இன் புராகிரஸ்' வந்தால் தப்பு உங்கள் பக்கம் இல்லாமல் இருக்கலாம். மலேசியாவில் உபுண்டு நிறுவினால் பெரும்பாலும் மை.ஆர்க்கைவ்.உபுண்டு.காம் என்ற மிரரை, அதாவது முதன்மை சர்வரின் நகலைத்தான் வைத்துக்கொடுக்கும். அது புதிய கோப்புகளை வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் போய்க் கேட்டால் கணக்கு ஒத்துவராது. ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திரையில் முதன்மை சர்வருக்கு மாற்றுங்கள். முகவரியைக் கையால் மாற்றுகிறவர்கள் கவனிக்க: உபுண்டு 24.04 முதல் முகவரிகள் /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி/ கோப்புறைக்குள் உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பில் இருக்கின்றன. பழைய சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று திகைக்கவேண்டாம்.

நிறுவும்போது 404 (கேட்ட கோப்பு அங்கே இல்லை) வந்தால் உங்கள் பட்டியல் பழையது, அப்டேட் கொடுத்தால் போதும். அப்டேட்டிலேயே 404 என்றால் உங்கள் பதிப்புக்கு ஆயுள் முடிந்திருக்கலாம். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத உபுண்டுப் பதிப்புகளுக்கு ஆயுள் 9 மாதம்தான். அப்புறம் அவற்றை ஓல்ட்-ரிலீசஸ் சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள். டியூஷன் சென்டர் போன்ற இடத்தில் 5 ஆண்டு ஆதரவுள்ள எல்டிஎஸ்ஸைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்பது என் கறாரான கருத்து.

'நோ பப்கீ' என்றால், அந்த முகவரியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி உங்களிடம் இல்லை என்று அர்த்தம். ஆப்ட்-கீ கட்டளையோடு வரும் பழைய அறிவுரைகளைத் தாண்டிப் போங்கள். அது ஓய்வு கொடுக்கப்பட்ட கட்டளை. இப்போது சாவியை /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/ கோப்புறையில் வைத்து, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அது செல்லும் என்று 'சைன்ட்-பை' மூலம் குறிப்பிடுவதுதான் முறை. அந்த முகவரி நிஜமாகவே தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால்

'அன்மெட் டிபெண்டென்சீஸ்' (தேவையான துணைகள் கிடைக்கவில்லை) என்று வந்தால் பலரும் கையைப் பிசைவார்கள். உண்மையில் இதுதான் மிகத் தெளிவான செய்தி. எந்தப் பேக்கேஜ், எதைக் கேட்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும், எந்தப் பதிப்புதான் கிடைக்கிறது என்று நான்கையும் ஒரே வரியில் சொல்கிறது. கிடைக்கவில்லை என்று சொல்லும் அந்தப் பேக்கேஜின் பெயரை எடுத்து 'ஆப்ட் பாலிசி' கட்டளைக்குப் பின்னால் போடுங்கள். இப்போது உள்ள பதிப்பு, வரக்கூடிய பதிப்பு, எந்த முகவரியிலிருந்து வரும் என்று காட்டும். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் எப்போதோ சேர்த்து மறந்துபோன ஒரு பிபிஏ, அதாவது யாரோ தனியாக நடத்தும் வெளி முகவரி. அடுத்தபடியாக, யாரோ ஒரு பேக்கேஜை நகராமல் பிடித்து வைத்திருப்பார்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அதைக் காட்டிக்கொடுக்கும்.

'கெப்ட் பேக்' என்றோ, 'ஃபேசிங்' காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது என்றோ வருவதெல்லாம் பிழையே அல்ல. உபுண்டு சில அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. உங்கள் முறை வரும்போது வரும்.

வெளியிலிருந்து இறக்கிய டெப் கோப்பை 'டிபிகேஜி -ஐ' போட்டு நிறுவினால் துணைகள் வராமல் பாதியில் நிற்கும். அதற்குப் பதில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' போட்டு, கோப்புப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வையுங்கள். துணைகளையும் சேர்த்து வாங்கிவிடும்.

எதை நிறுவினாலும், 'ஒய்' தட்டுவதற்கு முன்னால் 'வில் பி ரிமூவ்ட்' என்ற தலைப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2021-இல் ஒரு பிரபல கனடிய யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். டெஸ்க்டாப்பையே கழற்றப்போகிறேன் என்று ஆப்ட் எச்சரித்து, சம்மதம் என்று ஒரு முழு வாக்கியம் தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப் போனது. கேமராவுக்கு முன்னால் நடந்ததால் உலகமே பார்த்தது. நமக்கு நடந்தால் நம்மோடு போய்விடும். பயமாக இருந்தால் 'ஆப்ட் -எஸ் இன்ஸ்டால்' என்று கொடுங்கள். எஸ் சின்ன எழுத்து. என்ன நடக்கும் என்று முழுக்கச் சொல்லிக் காட்டும், எதையும் தொடாது, சூடோகூட வேண்டாம்.

இடமில்லை என்று வந்தால் 'டிஎஃப் -எச்' (டி டெல்டா). எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். /பூட் என்றால் பழைய கர்னல்கள். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' போதும். கோப்புறைக்குள் புகுந்து கையால் அழிக்கவேண்டாம். மற்ற இடமென்றால் 'சூடோ ஆப்ட் கிளீன்' இறக்கிவைத்த டெப் கோப்புகளை அழித்து இடம் கொடுக்கும்.

பழகிக்கொள்ள

பிழை வரும்போதுதான் இதையெல்லாம் தொடுவேன் என்றால் கை நடுங்கத்தான் செய்யும். ஒன்றும் உடையாதபோது கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நான் காட்டும் பாடம் தமிழ்த் தட்டச்சு. அதற்கான பேக்கேஜ் ஐபஸ்-எம்17என். 'ஆப்ட் ஷோ ஐபஸ்-எம்17என்' கொடுத்து, 'டிபெண்ட்ஸ்' வரியில் எதெல்லாம் இருக்கிறது என்று படிக்கச் சொல்வேன். பிறகு அதையும் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல் என்ற எழுத்துருவையும் நிறுவச் சொல்வேன். 'டாம்ல்' என்பது டாங்கோ, ஆல்ஃபா, மைக், லிமா. அப்புறம் 'டிபிகேஜி -எல்', இங்கே எல் பெரிய எழுத்து. எழுத்துருக் கோப்பு எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று காட்டும். அந்தக் கோப்பின் பாதையை 'டிபிகேஜி -எஸ்' கட்டளைக்குக் கொடுத்தால், இதுவும் பெரிய எழுத்து, எந்தப் பேக்கேஜ் அதைக் கொண்டுவந்தது என்று திருப்பிச் சொல்லும். தமிழ்99 விசைப்பலகை பழகியவன் அதை எடுத்துக்கொள்வான், முரசு அஞ்சலில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை ஒலிப்பு முறையைத் தேடுவான். இரண்டும் ஐபஸ்-எம்17என் என்ற அந்த ஒரே பேக்கேஜின் வழியாகக் கிடைக்கும்.

நேற்று யார் என்ன நிறுவினார்கள் என்று தெரியவேண்டுமா? /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக். தேதி, நேரம், கொடுத்த கட்டளை, மாறிய பேக்கேஜ்கள் எல்லாம் அதில் இருக்கும். "நான் ஒன்னும் பண்ணல அண்ணா" என்ற வாக்குமூலத்தை நான் இதை வைத்துத்தான் சரிபார்ப்பேன்.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். முதல் 'ஈ:' வரி பெரும்பாலும் படத்துக்கு மேலே போயிருக்கும். டெர்மினலில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தாகவே வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள், கொடுத்த கட்டளையும் சேர்த்து. கணினியை மலாய் மொழியில் வைத்திருந்தால் சில செய்திகள் மலாயிலேயே வரும். அதை அப்படியே தேடினால் ஒன்றும் அகப்படாது. 'சூடோ எல்சி_ஆல்=சி ஆப்ட் அப்டேட்' என்று கொடுங்கள். எல்சி, ஆல் இரண்டும் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு, சமக்குறிக்குப் பின்னால் வரும் சி-யும் பெரியது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும், கணினியின் மொழி அப்படியே இருக்கும்.